மூல நட்சத்திரத்துக்குப் பின்னால்

(வரதய்யபாளையம் கற்போர் வட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)



இன்றைக்கு நான் வானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "ரேஷன் கார்டு, பேங்கு பாஸ்புக்கு, நூறு நாள் வேலை என்றுதானே பேசுவாய், இதென்ன புதுசாக வானம்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஓர் அக்கா என்னிடம் வந்தார். நம் மையத்தில் படிப்பவர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். விஷயத்தைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பழைய காகிதம் வைத்திருந்தார். அது அவர் மகளின் ஜாதகம். ஊத்துக்கோட்டையில் எழுதி வாங்கியது. அதனால் தமிழில் இருந்தது. இருபது வருஷம் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த காகிதம் அது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அக்காவுக்கு இத்தனை நாள் தெரியாது.

இப்போது அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். என் முன்னால் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்தார். "மூ... ல... ம். மூலம்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு வரன் வந்து திரும்பிப் போச்சு. தரகர் ஏதேதோ சொன்னாரு. இதுதான்னு சொல்லல. நீ நல்லா எழுதுவே தாயி. மூலத்தை அடிச்சிட்டுப் பூராடம்னு எழுதிக் குடு. பக்கத்து நட்சத்திரம்தானே?"

நான் எழுதிக் கொடுக்கவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அந்த அக்காவுக்கு 'மூ' எழுதக் கற்றுக்கொடுத்தது நான்தான். நெடில் கொக்கியைச் சரியாகப் போட மூன்று நாள் ஆயிற்று. அந்த எழுத்தை அவர் முதன்முதலில் வீட்டுக் காகிதத்தில் படித்தபோது அது இப்படியா அமைய வேண்டும்?

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மூலம், மூலம் என்கிறோமே, அது வானத்தில் எங்கே இருக்கிறது? யாராவது பார்த்திருக்கிறோமா? நான் பார்த்ததில்லை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். நூலகப் புத்தகங்களைப் படித்தேன். புரியாததை ஓர் அறிவியல் வாத்தியாரிடம் கேட்டேன். ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்கும் போய் வந்தேன். அங்கே கண்டதும் புத்தகத்தில் படித்ததும்தான் இந்தப் பேச்சு.

முதலில் நட்சத்திரக் கணக்கைப் பார்ப்போம். நிலா பூமியைச் சுற்றி வருகிறது. வானத்தில் ஒரு முழுச் சுற்று வர அதற்கு 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகும். அந்தப் பாதையை நம் முன்னோர் 27 பங்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்குக்கும் அங்கே தெரிகிற விண்மீனின் பெயரை வைத்தார்கள். அசுவினி, பரணி, கார்த்திகை என்று அது போகும். ஒரு குழந்தை பிறக்கும் நேரத்தில் நிலா எந்தப் பங்கில் நிற்கிறதோ, அதுதான் குழந்தையின் நட்சத்திரம். கடிகாரமும் காலண்டரும் இல்லாத காலத்தில் இது நல்ல கணக்கு. நாள் குறிக்க உதவியது. இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்குப்படி 27 பேரில் ஒருவர் மூல நட்சத்திரத்தில் பிறக்கிறார். இந்தியாவில் 140 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறோம். அப்படியானால் சுமார் 5 கோடிப் பேர் மூலம். அதில் பாதி பெண்கள். இரண்டரைக் கோடிப் பெண்களுடைய மாமனார்களுக்கும் ஆகாது என்றால், இந்த நாட்டில் மாமனார்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் சிரிப்பதில்லை. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். அதே நிலா, அதே இடம். ஆண் பிறந்தால் அரசாள்வானாம். பெண் பிறந்தால் குடி கெடுமாம். வானம் ஆண், பெண் பார்க்குமா?

சரி, மூலம் எங்கே இருக்கிறது? ஆடி மாதம் ராத்திரிச் சாப்பாடு முடித்து, 9 மணிக்குத் தெற்கே பாருங்கள். பெரிய தேள் ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அதன் நெஞ்சில் சிவப்பாக ஒரு விண்மீன் தெரியும். அதுதான் கேட்டை. அங்கிருந்து உடம்பு வளைந்து கீழே இறங்கி, வாலில் திரும்பவும் மேலே ஏறும். வால் முனையில், கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு விண்மீன்கள் ஒட்டினாற்போல் இருக்கும். அதுதான் மூலம். அதற்குக் கிழக்கே டீக்கடை கெட்டில் போல ஒரு கூட்டம். பூராடமும் உத்திராடமும் அந்தக் கெட்டிலில்தான் இருக்கின்றன. தனுசு ராசி என்பது அதுவே.

தேளின் வாலுக்கும் கெட்டிலின் மூக்குக்கும் நடுவே உள்ள இடத்தைக் கவனமாகப் பாருங்கள். இருட்டான ராத்திரியில் அங்கே வெள்ளையாகப் புகை படிந்தது போல இருக்கும். அது மேகம் இல்லை. அங்கிருந்து ஒரு வெள்ளைப் பட்டை வானத்தின் குறுக்கே வடக்கு வரை ஓடும். அதைத் தமிழில் பால்வீதி என்கிறோம். நம் ஊரில் தெலுங்கு பேசுகிறவர்கள் பாலபுந்த என்பார்கள். பட்டை முழுக்க விண்மீன்கள்தான். தூரத்தில் இருப்பதால் தனித்தனியாகத் தெரியாமல் பால் சிந்தினது போலத் தெரிகிறது.

நம் சூரியனும் ஒரு விண்மீன். நமக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் சேர்ந்து ஒரே கூட்டமாகச் சுற்றுகின்றன. நம் சூரியன் அதில் ஒன்று. அந்தக் கூட்டத்துக்குப் பால்வெளி மண்டலம் என்று பெயர். அதன் உருவம் எப்படி இருக்கும்? ஆப்பம் பார்த்திருக்கிறீர்கள். ஓரம் மெல்லிசாக இருக்கும். நடு மட்டும் உப்பியிருக்கும். இரண்டு ஆப்பத்தை முதுகோடு முதுகு ஒட்டினால் இரு பக்கமும் நடு உப்பலாக இருக்குமே, அப்படித்தான் பால்வெளியும். நாம் அந்த ஆப்பத்துக்குள்ளேயே இருக்கிறோம். உள்ளே இருந்து பார்ப்பதால் அது நமக்கு ஒரு பட்டையாகத் தெரிகிறது.

ஆப்பத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? நடுவிலா? நூறு வருஷத்துக்கு முன்பு படித்தவர்கள்கூட சூரியன் நடுவில், அல்லது நடுவை ஒட்டி இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். 1918இல் ஷாப்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி வேறு விதமாகக் கணக்குப் போட்டார். வானத்தில் அங்கங்கே உருண்டை உருண்டையாக விண்மீன் கொத்துகள் உண்டு. ஒவ்வொரு கொத்திலும் லட்சக்கணக்கான விண்மீன்கள். காவலூரில் அப்படி ஒரு கொத்தை எனக்குத் தொலைநோக்கியில் காட்டினார்கள். கறுப்புத் துணியில் சர்க்கரையைக் கொட்டி வைத்தது போல இருந்தது. இந்தக் கொத்துகள் வானம் முழுக்கச் சமமாக இல்லை, பெரும்பாலும் தனுசுப் பக்கமே குவிந்திருக்கின்றன என்பதை ஷாப்லி கவனித்தார். திருவிழாவில் கூட்டமெல்லாம் உங்களுக்குத் தெற்கே தெரிந்தால் என்ன அர்த்தம்? தேர் தெற்கே இருக்கிறது, நீங்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள் என்றுதானே? அப்படித்தான் பால்வெளியின் நடு எங்கே என்று அவர் கண்டுபிடித்தார்.

அந்த நடு, தேளின் வாலுக்கும் கெட்டிலின் மூக்குக்கும் இடையில் இருக்கிறது. 27 பங்குக் கணக்கில் பார்த்தால் அது மூலத்தின் பங்குக்குள்ளேயே வருகிறது.

இதைப் படித்த ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எந்த இடத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை வேண்டாம் என்கிறோமோ, அந்தத் திசையில்தான் நம் மண்டலத்தின் நடுவே இருக்கிறது. சூரியனும் பூமியும் நாமும் அதைத்தான் சுற்றி வருகிறோம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மூலம் என்றால் வேர், ஆதாரம் என்று பொருள். "அப்போதே நம் முன்னோருக்கு இது தெரிந்திருக்கிறது பார்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது தேளின் வாலை. பெயர் பொருந்தி வந்தது தற்செயல். இல்லாத பெருமையை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சேர்த்தால் இல்லாத தோஷத்தைச் சேர்க்கிறவர்களை நாம் கேள்வி கேட்க முடியாது.

நடு எவ்வளவு தூரம்? வெளிச்சம் ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நிலாவிலிருந்து நமக்கு வெளிச்சம் வர ஒரு வினாடிக்குக் கொஞ்சம் அதிகம். சூரியனிலிருந்து வர 8 நிமிஷம். சூரியனுக்கு அடுத்த விண்மீனிலிருந்து வர 4 வருஷத்துக்கு மேல். மூலத்தின் அந்த இரண்டு விண்மீன்களிலிருந்து வரப் பல நூறு வருஷம். அதற்கும் பின்னால், வெகு தூரத்தில் இருக்கும் பால்வெளி நடுவிலிருந்து வர சுமார் 26,000 வருஷம். அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பூமியில் நெல் விதைக்கவே யாருக்கும் தெரியாது. பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸும் காசிக்குப் போகிற ரயிலும் ஒரே திசையில் தெரிந்தால் இரண்டும் பக்கத்து ஊர் ஆகிவிடுமா? நிலா, மூலம், பால்வெளி நடு மூன்றும் அப்படித்தான். ஒரே திசை. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது.

சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு அந்த நடுவைச் சுற்றுகிறது. வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிக வேகம். அப்படியும் ஒரு சுற்று முடிய 20 கோடி வருஷத்துக்கு மேல் ஆகும்.

நடுவில் என்னதான் இருக்கிறது? இதைக் கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. வழியில் தூசு. மார்கழி மாதப் பனிமூட்டம் மாதிரி, நமக்கும் நடுவுக்கும் இடையே தூசும் வாயுவும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. நடுவிலிருந்து புறப்படுகிற வெளிச்சத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நமக்கு வந்து சேர்கிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்தாலும் அந்த வெளிச்சத்தில் பார்க்க முடியாது.

ஆனால் பனிமூட்டத்தில் எதிரே வரும் பஸ் தெரியாவிட்டாலும் டீக்கடை ரேடியோ பாடுகிறது அல்லவா? ரேடியோ அலையைப் பனி தடுப்பதில்லை. தூசும் தடுப்பதில்லை. ஜான்ஸ்கி என்று ஓர் எஞ்சினியர். அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனியில் வேலை. கடல் கடந்து பேசும்போது இரைச்சல் வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இடி மின்னல் இரைச்சலைக் கழித்த பிறகும் 'உஸ்' என்று ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. அது தினமும் 4 நிமிஷம் முன்னதாக வந்தது. விண்மீன்களும் தினமும் 4 நிமிஷம் முன்னதாகத்தான் உதிக்கும். அப்படியானால் சத்தம் விண்மீன்கள் பக்கமிருந்து வருகிறது. எந்தப் பக்கம்? தனுசுப் பக்கம். 1933இல் இதை அறிவித்தார். வானத்திலிருந்து மனிதன் கேட்ட முதல் ரேடியோ பால்வெளியின் நடுவிலிருந்து வந்தது.

இனி ஊட்டிக்கு வருவோம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது நம் பக்கத்துக் கதை. தவிர, அந்த அக்காவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்ததும் இங்கேதான்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை என்று ஓர் ஊர். அங்கே ஒரு மலைச் சரிவில் 1970இல் ஒரு ரேடியோ தொலைநோக்கியை அமைத்தார்கள். கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இது கண்ணாடி வைத்த தொலைநோக்கி இல்லை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளத் தொட்டி போல வளைந்த இரும்புச் சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தறியில் பாவு இழுத்தது போல இருக்கும். சரிவைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பூமி சுழலும் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கி சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு அந்த மலையிலேயே கிடைத்தது. அதனால் ஓர் அச்சில் திருப்பினாலே போதும், ஒரே விண்மீனை மணிக்கணக்காகத் தொடரலாம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பொருள் இல்லை அது. இங்கேயே வடிவமைத்து, இங்கேயே கட்டினார்கள்.

அந்தத் தொலைநோக்கியின் முக்கியமான வேலை என்ன தெரியுமா? நிலா எதையாவது மறைக்கும்போது பார்ப்பது. ரேடியோ தொலைநோக்கிக்கு அந்தக் காலத்தில் கூர்மை போதாது. கண் மங்கியவர் பார்ப்பது போல எல்லாம் கலங்கலாகத் தெரியும். ஆனால் நிலா நகர்ந்து வந்து ஒரு பொருளை மறைக்கும்போது, ரேடியோ சத்தம் எந்த நொடியில் குறைகிறது, எந்த நொடியில் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். அந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று கணக்குப் போட்டுவிடலாம். நிலா அங்கே ஒரு திரைச்சீலை மாதிரி வேலை செய்கிறது.

நிலாவின் பாதை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும். சுமார் பதினெட்டரை வருஷத்துக்கு ஒரு தடவை, சில காலம் மட்டும், அது பால்வெளியின் நடுவை நேராக மறைத்துப் போகும். ஊட்டித் தொலைநோக்கி வேலை தொடங்கிய காலத்தில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. நிலா பால்வெளி நடுவை மறைத்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்த ரேடியோ சத்தம் ஒரே இடத்திலிருந்து வரவில்லை, எந்தெந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு வருகிறது என்று பிரித்துப் பார்த்து எழுதினார்கள்.

பால்வெளி நடுவை நிலா மறைக்கிறது என்றால் நிலா அப்போது எந்த நட்சத்திரத்தில் இருக்கும்? மூலத்தில்தான் இருக்கும்! எந்த நேரத்தில் பெண் பிறந்தால் ஆகாது என்று நாம் சொல்கிறோமோ, அதே நேரத்துக்காக ஊட்டி மலையில் அவர்கள் காத்திருந்தார்கள்.

இப்போது நடுவில் இருக்கும் விண்மீன்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தெருவில் கிழவர்கள், பிள்ளைகள், கைக்குழந்தைகள் இருப்பது போல விண்மீன்களிலும் வயசு வித்தியாசம் உண்டு. இதை முதலில் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் வால்டர் பாடே. ஜெர்மனியில் பிறந்தவர், அமெரிக்காவில் வேலை. இரண்டாம் உலகப் போர் சமயம். எதிரி நாட்டுக்காரர் என்று அவரைப் போர் வேலைக்குச் சேர்க்கவில்லை. மற்ற விஞ்ஞானிகள் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். பெரிய தொலைநோக்கி அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது. குண்டு வீச்சுக்குப் பயந்து பக்கத்து நகரத்தில் விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். அந்த இருட்டில் அவர் பார்த்ததை 1944இல் எழுதினார். ஓரத்தில் நீல நிறத்தில் இளம் விண்மீன்கள். நடுவில் சிவந்த நிறத்தில் முதிய விண்மீன்கள். இதை அவர் பக்கத்து மண்டலம் ஒன்றில் பார்த்தார். நம் மண்டலத்தின் நடுவும் அப்படித்தானா என்று தெரிய வேண்டும். தூசு மறைக்கிறதே? கீற்றுத் தட்டியில் எங்காவது ஓர் இடுக்கு இருக்கும், அது வழியாக அந்தப் பக்கம் பார்க்கலாம். அப்படி ஓர் இடுக்கைக் கெட்டிலின் மூக்குக்குப் பக்கத்தில் அவர் கண்டார். இன்றைக்கும் அதைப் பாடேயின் ஜன்னல் என்கிறார்கள். 1946இல் அது வழியாகப் பார்த்து, நடுவை ஒட்டி முதிய விண்மீன்கள் இருப்பதைக் காட்டினார்.

விண்மீனின் வயசை எப்படித் தெரிந்துகொள்வது? அதன் நிறம் ஓர் அடையாளம். அதில் உள்ள இரும்பு இன்னோர் அடையாளம். அடுப்பில் உப்பு விழுந்தால் தீ மஞ்சளாக எரிகிறது, பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் வெளிச்சத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதைப் பார்த்து விண்மீனில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆரம்பத்தில் உலகத்தில் இரும்பே கிடையாது. ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் விண்மீன்களுக்குள் வெந்து, அவை வெடிக்கும்போது வெளியே வந்தவை. அந்தச் சாம்பலைச் சேர்த்துக்கொண்டு அடுத்த தலைமுறை விண்மீன் பிறக்கும். அதில் இரும்பு கொஞ்சம் கூடும். நம் வீடுகளில் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும், மகள் பத்தாவது படித்திருப்பாள். அது மாதிரி. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் இப்படி ஏதோ விண்மீன்களில் வெந்து வந்ததுதான்.

அப்படியானால் முதிய விண்மீனில் இரும்பு குறைவாகத்தானே இருக்க வேண்டும்? நடுவில் பார்த்தபோது விஞ்ஞானிகளே திகைத்தார்கள். பெரும்பாலான விண்மீன்களுக்கு 1,000 கோடி வருஷம் அளவுக்கு வயசு. நம் சூரியனுக்கு 460 கோடிதான். ஆனால் அந்தக் கிழ விண்மீன்களில் பலவற்றில் சூரியனில் உள்ள அளவுக்கு, சிலவற்றில் அதைவிட அதிகமாக, இரும்பு இருக்கிறது. காரணம் என்ன? நடுவில் வாயு நெருக்கமாக இருந்தது. விண்மீன்கள் சட்சட்டென்று பிறந்தன, வெடித்தன, மறுபடியும் பிறந்தன. மற்ற இடத்தில் பல நூறு கோடி வருஷம் எடுத்த வேலை அங்கே சீக்கிரம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் முதலில் வந்த தெருவில் பாட்டிமார்களும் படித்திருப்பார்கள் அல்லவா, அப்படி.

எல்லாமே அப்படி இல்லை. இரும்பு மிகக் குறைந்த, மிக மிக முதிய விண்மீன்களும் அங்கே கலந்திருக்கின்றன. 2013இல் ஏவப்பட்டு 2025இல் ஓய்வு பெற்ற கையா என்ற ஐரோப்பிய விண்கலம் கோடிக்கணக்கான விண்மீன்களை அளந்தது. அந்தக் கணக்கை வைத்து 2022இல் ஜெர்மனி விஞ்ஞானிகள் அந்த முதிய கூட்டத்தைப் பிரித்துக் காட்டினார்கள். பால்வெளி மண்டலம் உருவாகத் தொடங்கியபோதே இருந்தவை அவை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஏழையான முதிய இதயம்'. இரும்பில் ஏழை என்று அர்த்தம்.

நடு உப்பலின் வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பம் என்றேன். அது முழுக்கச் சரி இல்லை. நடு உருண்டையாக இல்லை, நீளமாக இருக்கிறது. தூசைத் தாண்டிப் பார்க்கும் அகச்சிவப்புக் கருவிகள் வந்த பிறகு, 1990களில் இது உறுதியானது. 2010இல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பருப்பு வேர்க்கடலை மாதிரி, இரு முனையும் உப்பி, இடுப்புச் சிறுத்திருக்கிறது. நம் சித்தூர்ச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் சேர்ந்து ஒரு வேர்க்கடலை!

கடலையின் நட்டநடுவில் விண்மீன்கள் மிக நெருக்கம். நமக்கும் அடுத்த விண்மீனுக்கும் இடையே வெறும் வெளிதான். அங்கே அதே அளவு இடத்தில் லட்சக்கணக்கான விண்மீன்கள் இருக்கின்றன. அந்த ஊர் இருந்தால் அங்கே ராத்திரியே இருக்காது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கருந்துளை. தனுசு ஏ ஸ்டார் என்று பெயர். 40 லட்சம் சூரியன்களின் எடை. வெளிச்சம்கூட அதிலிருந்து தப்பி வராது. அப்படியானால் அது இருப்பது எப்படித் தெரியும்? அதைச் சுற்றும் விண்மீன்களைப் பார்த்துத்தான். எஸ் 2 என்ற விண்மீன் 16 வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் சுற்றுகிறது. 2018இல் மிக அருகே போனபோது அதன் வேகம் வினாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய் ஒரே வினாடியில் திரும்பிவிடும் வேகம். சாட்டை வீசினது போலத் திரும்பும் அந்த விண்மீனை இரண்டு குழுக்கள் வருஷக்கணக்காகக் கவனித்தன. அந்தக் குழுக்களின் தலைவர்கள் ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆண்ட்ரியா கெஸ் ஒரு பெண். இயற்பியலில் நோபல் பெற்ற நான்காவது பெண். அவர் என்ன நட்சத்திரத்தில் பிறந்தார் என்று யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை.

2022 மே 12 அன்று அந்தக் கருந்துளையின் படத்தையே வெளியிட்டார்கள். நடுவில் கருப்பு, சுற்றிலும் வெளிச்ச வளையம். வடை மாதிரி இருக்கும். வாத்தியார் போனில் காட்டினார்.

"அது நம்மை உறிஞ்சிவிடாதா?" என்று போன வாரம் மாமா ஒருவர் கேட்டார். விடாது மாமா. பக்கத்தில் போனால்தான் ஆபத்து. 26,000 ஒளியாண்டு தூரத்தில் அதன் தனி இழுப்பு நமக்கு ஒன்றுமே இல்லை. இன்னொரு அதிசயம், அந்தக் கருந்துளைக்குப் பக்கத்திலேயே சில இளம் விண்மீன்கள் இருக்கின்றன. சில பத்து லட்சம் வருஷம்தான் வயசு. விண்மீன் கணக்கில் அவை தொட்டில் பிள்ளைகள். அவ்வளவு இழுப்பு உள்ள இடத்தில் அவை எப்படிப் பிறந்தன என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்க்க நம் ஊர் நல்ல இடம் என்பது நமக்குத் தெரியாது. லண்டனிலிருந்து பார்த்தால் பால்வெளியின் நடு அடிவானத்தை விட்டு அதிகம் மேலே வராது. வீடும் மரமும் மறைத்துவிடும். நமக்கு அது தெற்கு வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போனால் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு ஏற்றிக் காட்டுகிறோம். விண்மீன்களை ஆராயும் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் 2015 செப்டம்பர் 28இல் அங்கிருந்துதான் போனது. ஆனால் தினமும் தெற்கே தெரிகிற இதை நாம் காட்டுவதில்லை. இப்போது காட்டுவதும் கஷ்டமாகி வருகிறது. ஸ்ரீசிட்டி கம்பெனி விளக்குகளும், அதற்கு அப்பால் சென்னை வெளிச்சமும் தெற்கு அடிவானத்தை வெளுக்க வைத்துவிட்டன. நம் வீட்டுப் பெண்கள் அங்கே வேலைக்குப் போய்த்தான் அடுப்பு எரிகிறது. அதனால் விளக்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே பார்த்து எரிகிற விளக்கைக் கீழே திருப்பி வைத்தால் போதும் என்பேன்.

அந்த அக்காவின் மகளும் ஒரு கம்பெனிக்குப் போகிறவள்தான். சித்திரை மாதம் ராத்திரி ஷிப்டு முடித்து விடியற்காலை 4 மணிக்கு வந்து இறங்கியபோது, நான் அவளை நிறுத்தி வானத்தைக் காட்டினேன். அந்த நேரத்தில் மூலம் தெற்கே உச்சியில் இருக்கும். "இதுதானா அது? அழகாத்தானே இருக்கு" என்றாள். "எனக்குக் கல்யாணத்துக்கு அவசரம் இல்லக்கா. அம்மா அழறதுதான் தாங்கல" என்றாள்.

ஜாதகக் காகிதம் என் பையில் இருக்கிறது. எழுத்தை மாற்றவில்லை. மாற்றினால் பூராடம் ஆகும், அப்புறம் அதற்கு ஒரு பழமொழியைக் கொண்டு வருவார்கள். வரன் வருகிறவர்களிடம் மூலம் என்றே சொல்லலாம், என்ன கேட்டாலும் பதில் சொல்ல நானும் கூட வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல அதை எனக்குக் காட்டு" என்றார்.

இன்று ஆடி அமாவாசை, நிலா இல்லை. மேகமும் விலகியிருக்கிறது. மணி எட்டரை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் தெரு விளக்கு கிடையாது. பாய் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் ஆகும், அதனால் போன் வெளிச்சத்தை எல்லோரும் அணைத்துவிடுங்கள். பெரியம்மா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வரப்பு வழுக்கும். வாங்க, போகலாம்.